எங்கிருந்து எங்கு வரை

கும்பகோணம் வட்டாரத்தில் முதலில் தொலைபேசிக் கம்பியோடும், பிறகு அதே கம்பி வழியே வந்த இணையத்தோடும், இப்போது கண்ணாடி இழையோடும் பழகிக் கழிந்த என் தொழில் வாழ்க்கையில், வீடு வீடாகச் சென்றபோது மக்கள் என்னிடம் கேட்ட கேள்விகளையெல்லாம் திரட்டிப் பார்த்தால், அவை ஒரே கேள்வியின் பல ரூபங்களாகவே தோன்றுகின்றன: “நாங்கள் பணம் கட்டுகிற வேகம் எங்களுக்கு வந்து சேருகிறதா?” இன்று இதற்கு விடை காண என்னைப் போன்ற ஒருவனை அழைக்க வேண்டியதில்லை என்று தோன்றலாம், கைபேசியில் ஒரு பொத்தானைத் தொட்டால் முள் சுழன்று ஓர் எண்ணைக் காட்டிவிடுகிறது. ஆயினும் அந்த எண் எங்கிருந்து எங்கு வரை, எந்த வேளையில், எந்த வழியாக அளக்கப்பட்டது என்ற விவரம் தெரியாதவரையில், அதைக் கொண்டு ஒருவரைக் குறை கூறவும் இயலாது, மெச்சவும் இயலாது என்பதே இத்தொழிலில் இத்தனை காலம் உழன்று நான் கண்ட முடிவு. அந்த முடிவுக்கு நான் வந்து சேர்ந்த வழியை இங்கே சற்று விவரமாகச் சொல்ல விரும்புகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது கம்பியில் குரல் மட்டுமே போய்வந்தது. எல்லா இணைப்புகளும் வந்து முடியும் எம்.டி.எஃப். என்னும் பெரிய இரும்புச் சட்டம் தொலைபேசி நிலையத்தில் இருக்கும். அங்கிருந்து நிலத்தடிக் கேபிள் தெருமுனைப் பில்லர் பெட்டிக்கு வரும். அதற்கப்பால் கம்பத்தில் டி.பி. என்னும் சிறிய இணைப்புப் பெட்டி; டி.பி.யிலிருந்து வீட்டுக்கு இழுத்த டிராப் வயர். “லைன் டெட்” என்று புகார் வந்தால், இந்த நீண்ட வழியில் எந்த இடத்தில் கோளாறு என்று கண்டுபிடிப்பதே எங்கள் வித்தையின் சாரம். எனக்குத் தொழில் கற்பித்த மூத்த மெக்கானிக் ஒருவர், புதிதாக வந்தவர்கள் அவசரப்பட்டு நேரே வீட்டுக்குள் நுழைந்து தொலைபேசியைக் கழற்றத் தொடங்கினால் பொறுக்கமாட்டார். “பழுது எங்கே இருக்குன்னு தேடாதே தம்பி, எங்கே இல்லைன்னு முதல்ல பாரு” என்பார். பில்லரில் இணைப்பைப் பிரித்து நிலையத்தின் பக்கமாக ஒரு சோதனை, வீட்டின் பக்கமாக ஒரு சோதனை. நன்றாயிருக்கும் பாதியை ஒதுக்கிவிட்டு, மீதிப் பாதியை மறுபடியும் இரண்டாக்குவது. கம்பியின் மின்காப்பை அளக்கும் மெகர் கருவியும் ஒரு சோதனைத் தொலைபேசியும் கையில் இருந்த காலத்தில் கற்ற அந்த ஒழுங்கு, பிற்காலத்தில் வேகத்தை அளக்க நேர்ந்தபோதும் எனக்குத் துணை நின்றது.

1995 ஆகஸ்டு 15-ஆம் தேதி விதேஷ் சஞ்சார் நிகம் நிறுவனம் பொதுமக்களுக்கான இணையச் சேவையைப் பெருநகரங்களில் தொடங்கியது. எங்கள் ஊர்ப்பக்கம் அது வந்து சேரச் சில ஆண்டுகள் சென்றன. வந்தபோது அது தொலைபேசியின் மேல் ஏறியே வந்தது. மோடம் எண்ணைச் சுழற்றும், அந்தப் பக்கத்து மோடம் விடை சொல்லும், இரண்டும் சிறிது நேரம் கரகரத்துக் கூவியபின் கணினித் திரையில் 28,800 என்றோ 33,600 என்றோ ஓர் எண் தோன்றும். அந்நாளில் எங்கள் பகுதியில் வழக்கறிஞர் ஒருவர், வெளிநாட்டிலிருந்த மகன் அனுப்பும் படங்களைப் பார்ப்பதற்கென்றே இணைப்பு வாங்கியிருந்தார். “முப்பத்து மூவாயிரம் என்று காட்டுகிறதே, ஒரு போட்டோ இறங்க இவ்வளவு நேரமா?” என்று அவர் மனம் நொந்து கேட்டார். நான் காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினேன். 33,600 என்பது ஒரு விநாடிக்குரிய பிட். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். ஆகவே விநாடிக்கு 4,200 பைட். ஒரு லட்சம் பைட் அளவுள்ள படம், எவ்வித இடையூறும் இல்லாத நிலையிலும், இறங்குவதற்கு ஏறக்குறைய 24 விநாடி பிடிக்கும்.

அதைக் காட்டிலும் முக்கியமான விஷயம் ஒன்றையும் அவருக்குச் சொன்னேன். திரையில் தோன்றும் அந்த எண், அவர் வீட்டு மோடமும் சேவை தருவோரின் மோடமும் தமக்குள் செய்துகொண்ட உடன்பாடு மட்டுமே. அதற்கப்பால் கடல் கடந்து செல்லும் பிரயாணத்தைப் பற்றி அந்த எண்ணுக்கு ஒன்றும் தெரியாது. மகன் இருக்கும் ஊரிலிருந்து சென்னை வரை வழி நெருக்கடியாக இருந்தால், இங்கே 33,600 என்று திரை சொல்லிக்கொண்டிருக்க, படம் நகராமல் நிற்கும். வீட்டுப் பக்கத்துக் கம்பியைப் பற்றி அறிய நான் வேறு உபாயம் வைத்திருந்தேன். தொலைபேசியை எடுத்து ஓர் இலக்கத்தை மட்டும் சுழற்றினால் டயல் ஒலி நின்று லைன் நிசப்தமாகிவிடும். அந்த நிசப்தத்தில் காதை வைத்துக் கேட்டால், மழை நாளில் நீர் இறங்கிய கேபிளின் இரைச்சல் மெல்லிய பொரிதலாகக் கேட்கும். அந்தப் பொரிதல் கேட்ட வீடுகளில் மோடம் 14,400-க்கும் கீழே இறங்கிவிடுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

2004-இல் மத்திய அரசு வெளியிட்ட பிராட்பேண்ட் கொள்கை, விநாடிக்கு 256 கிலோபிட்டை அகலப்பட்டைக்குரிய குறைந்தபட்ச வேகமாக நிர்ணயித்தது. அந்த வரம்பு 2013-இல் 512 கிலோபிட்டாகவும், 2023-இல் 2 மெகாபிட்டாகவும் உயர்த்தப்பட்டது. 256 என்பது இன்றைய பிள்ளைகளுக்கு நம்ப முடியாத அற்பமாகத் தோன்றும். ஆனால் 2005-இல் ஏ.டி.எஸ்.எல். வந்தபோது, தொலைபேசியில் பேசிக்கொண்டே இணையத்தையும் பார்க்கலாம் என்பதே மக்களுக்கு ஓர் அதிசயமாக இருந்தது. குரல் கம்பியின் தாழ்ந்த அலைவரிசையில் 4 கிலோஹெர்ட்ஸுக்குள் அடங்கிவிட, இணையம் அதற்கு மேல் 1.1 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ள இடத்தில் ஓடியது. உயர்ந்த அலைவரிசைகள் தூரம் செல்லச் செல்லத் தேய்ந்துபோகும் சுபாவம் கொண்டவை. ஆகையால் தொலைபேசி நிலையத்துக்கு அருகில் இருந்தவர் ஒரே கட்டணத்துக்குத் தாராளமாக வேகம் பெற, நாலைந்து கிலோமீட்டர் தள்ளி வாய்க்கால் கரையோரம் இருந்தவர் தத்தளித்தார். இதில் ஊழியரின் அசட்டையோ உபகரணத்தின் தரக்குறைவோ காரணமில்லை. செம்பின் இயற்கை அது. எட்டாத தூரத்தில் இருப்பவரிடம் முதல் நாளிலேயே அதைச் சொல்லிவிடுவதே நியாயம் என்று நான் கருதினேன். பணம் கட்டியபின் சொல்வதில் பிரயோஜனமில்லை.

ஏ.டி.எஸ்.எல். மோடம் ஒரு நல்ல சாட்சி. அதன் உள்பக்கத்தைக் கணினியில் திறந்தால் மூன்று விவரங்கள் இருக்கும்: நிலையத்தோடு அது பேசும் வேகம், வழியில் ஏற்படும் தேய்வு, இரைச்சலுக்கு மேல் மிஞ்சி நிற்கும் இடைவெளி. கடைசியில் சொன்ன இடைவெளி 6 டெசிபெலுக்குக் கீழே இறங்கினால் இணைப்பு அடிக்கடி அறுந்துபோகும். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் வீட்டில், ஐப்பசி மழை தொடங்கியதும் நாள்தோறும் இணைப்பு அறுந்தது. மோடத்தை மாற்றினார்கள், ஃபில்டரை மாற்றினார்கள், பயனில்லை. நான் அந்த மோடத்தையே கழற்றிக்கொண்டு போய் டி.பி.யில் இணைத்துப் பார்த்தேன். இடைவெளி 13 டெசிபெல், அசையாமல் நின்றது. வீட்டில் 5. ஆகவே கோளாறு டி.பி.க்கும் வீட்டுக்கும் நடுவில் உள்ள டிராப் வயரில்தான் என்பது நிச்சயமாயிற்று. அது ஒரு பூவரச மரத்துக் கிளையை ஒட்டிச் சென்றது. கிளை மறைவில் எப்போதோ யாரோ முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றிவிட்டுப் போன ஓர் இணைப்பு இருந்தது. டேப்பை உரித்தபோது உள்ளே செம்பு தெரியவில்லை. பச்சைக் களிம்பு பொடியாக உதிர்ந்தது.

அந்த ஒட்டை வெட்டியெடுத்துத் தலைமையாசிரியரின் உள்ளங்கையில் வைத்தேன். சைவ சித்தாந்தத்தில் ஊறியவரான அவர் அதை வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, உயிரோடு ஆணவ மலம் ஒட்டியிருப்பதற்குச் செம்பில் உள்ள களிம்பைத்தானே நம் பெரியவர்கள் உவமை சொன்னார்கள், அதை இன்றைக்குப் பிரத்தியட்சமாகக் கண்டேன் என்றார். புதுக் கம்பி இழுத்து இணைத்ததும் இடைவெளி 13-க்கு வந்து நின்றது. மழை வந்தபோதும் அசையவில்லை. அவர் வீட்டில் முன்பு எடுத்த வேகச் சோதனைகளில் பாதி நல்லனவாகவும் பாதி கெட்டனவாகவும் இருந்ததற்கு, அவை எடுக்கப்பட்ட வேளையில் கம்பி காய்ந்திருந்ததா நனைந்திருந்ததா என்பதே காரணம்.

ஊக்லா நிறுவனத்தின் ஸ்பீடு டெஸ்ட் 2006-இல் வந்தது. அதன்பின் வீட்டுக்காரர்களே வேகத்தை அளக்கத் தொடங்கினார்கள். அது எப்படி வேலை செய்கிறது என்பதை நான் விரும்பிப் படித்துத் தெரிந்துகொண்டேன். முதலில் அது பல சர்வர்களைக் கூப்பிட்டுப் பார்த்து, விரைந்து விடை சொல்லும் அருகாமைச் சர்வர் ஒன்றைத் தேர்ந்துகொள்கிறது. பிறகு ஒரே சமயத்தில் பல ஓடைகளைத் திறந்து தரவை இறக்கி, எவ்வளவு வந்தது என்று கணக்கிடுகிறது. இணையத்தில் எந்தப் பரிமாற்றமும் தொடக்கத்தில் தயங்கித் தயங்கியே வேகம் பிடிக்கும் என்பதால், ஆரம்பப் பகுதியை அது பெரும்பாலும் கணக்கில் சேர்ப்பதில்லை. வீட்டிலிருந்து அருகிலுள்ள அந்தச் சர்வர் வரை இந்த நிமிஷத்தில் வழி எவ்வளவு அகலமாக இருக்கிறது என்ற கேள்விக்கு இது மிகச் சிறந்த விடை. ஆனால் அந்தச் சர்வர் சேவை தரும் நிறுவனத்தின் சொந்த வலைக்குள்ளேயே இருக்கக்கூடும். அப்போது அந்த வலையைத் தாண்டி வெளியே செல்லும் வழியின் நெருக்கடி அதில் தெரியாது. 2016-இல் நெட்ஃபிளிக்ஸ் தொடங்கிய ஃபாஸ்ட் டாட் காம், தன் படங்களை அனுப்பும் சர்வர்களிலிருந்தே தரவை இறக்கி அளக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்து ஓட்டிப் பார்த்தால், ஒன்று மறைப்பதை மற்றொன்று சில வேளைகளில் காட்டிக் கொடுக்கும்.

அமெரிக்க நிறுவனம் ஒன்றுக்காக வீட்டிலிருந்தே வேலை செய்த இளைஞர் ஒருவர், 8 மெகாபிட் இணைப்பில் ஸ்பீடு டெஸ்ட் முழு வேகம் காட்டியும், அங்கிருந்து கோப்புகள் 2 மெகாபிட்டுக்கு மேல் இறங்கவில்லை என்று கோபத்தோடு முறையிட்டார். இரண்டு எண்களுமே மெய்தான் என்று நான் சொன்னபோது அவர் முதலில் நம்பவில்லை. கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. சென்னையிலிருந்து நியூயார்க் நேர்கோட்டிலேயே 13,000 கிலோமீட்டருக்கு மேல். ஆகவே போய்வர 130 மில்லிவிநாடிக்குக் குறையாது, சுற்றுவழியாகச் செல்வதால் 250 மில்லிவிநாடி வரையும் ஆகும். அனுப்புகிறவர் ஓரளவு தரவை அனுப்பிவிட்டு, வந்து சேர்ந்தது என்ற ரசீதுக்காகக் காத்திருக்க வேண்டும். அவருடைய பழைய கணினி ரசீதில்லாமல் 65,535 பைட் வரைதான் வாங்கிக்கொள்ளும்படி அமைந்திருந்தது. 65,535 பைட்டை 250 மில்லிவிநாடிக்கு ஒரு தடவை அனுப்பினால் கிடைப்பது விநாடிக்குச் சுமார் 2 மெகாபிட். வீட்டுக் கம்பி எவ்வளவு அகலமாயிருந்தாலும் அவ்வளவுதான். சோதனையோ அருகிலுள்ள சர்வரோடு பல ஓடைகளில் நடந்ததால் முழு எட்டும் தெரிந்தது. கோப்புகளைப் பல துண்டுகளாக ஒரே சமயத்தில் இறக்கும் செயலியை அவர் பயன்படுத்தத் தொடங்கியதும் அந்தக் குறை தீர்ந்தது.

செம்பு போய்க் கண்ணாடி இழை வீட்டுக்குள் வந்த பிறகு, தூரம் என்னும் பழைய சத்துரு ஒழிந்தது. ஆனால் வேறு சங்கதிகள் வந்து சேர்ந்தன. மனிதத் தலைமுடியைவிட மெல்லியதான, 9 மைக்ரான் அளவே உள்ள கண்ணாடி மையத்தின் வழியே ஒளி ஓடுகிறது. இணைப்பானின் முனையில் ஒரு தூசி படிந்தாலும் அது ஒளியை மறித்துவிடும். பவர் மீட்டரில் 3 டெசிபெல் குறைந்தால் ஒளி பாதியாகிவிட்டது என்று பொருள். அளவு மைனஸ் 27-க்குக் கீழே இறங்கினால், இழை வந்து முடியும் வீட்டுப் பெட்டியில் சிவப்பு விளக்கு மின்னத் தொடங்கிவிடும். ஒரு வீட்டில் பீரோவைச் சுவரோடு தள்ளியதிலிருந்து இணைப்பு வந்து வந்து போயிற்று. சிவப்பு லேசர் பேனாவை இழையின் முனையில் செருகி, விளக்கை அணைக்கச் சொன்னேன். பீரோவின் பின்னால், இழை மடங்கியிருந்த மூலையில், வெளியே கசிந்த ஒளி செக்கச்செவேலென்று ஒளிர்ந்தது. இழையை நிமிர்த்தி வளைவாக விட்டதும் மைனஸ் 28-ல் இருந்த அளவு மைனஸ் 20-க்கு வந்தது. செம்பில் பழுது வேகத்தைச் சிறுகச் சிறுகத் தின்னும். இழையிலோ, பெரும்பாலும், இணைப்பு முழுமையாக இயங்கும் அல்லது அறவே அறுந்துபோகும். ஆகவே இழை இணைப்பில் “வேகம் குறைவு” என்ற புகார் வந்தால், நான் முதலில் வீட்டுக்குள்ளேயே காரணத்தைத் தேடுவேன்.

எங்கள் ஊர்ப் பழைய வீடுகள் நீளமானவை: திண்ணை, ரேழி, முற்றம், கூடம், அடுக்களை, கொல்லை என்று ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லும், சுவர்கள் பருமனானவை. இழை தெருவிலிருந்து வருவதால் பெட்டியை ரேழியிலேயே பொருத்திவிட்டுப் போய்விடுவார்கள். படிக்கிற பிள்ளையோ கொல்லைப்புற அறையில் உட்கார்ந்திருப்பான். 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டும் சக்தி குறைந்தது, 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவர்களைத் தாண்டினாலும், அக்கம்பக்கத்து வீடுகளின் வைஃபையெல்லாம் அதே அலைவரிசையில் நெருக்கியடிக்கும். ஒன்றின்மேல் ஒன்று படாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான். பெட்டிக்கருகில் நின்று 100 மெகாபிட் காட்டிய அதே கைபேசி, கொல்லையறையில் 6 காட்டும். நான் ரேழியிலிருந்து கூடத்துக்கு லேன் கேபிள் ஒன்று இழுத்து அங்கே இரண்டாவது பெட்டி வைக்கச் சொல்வேன். மாதக் கட்டணத்தை உயர்த்திக்கொள்ளும்படி யாருக்கும் யோசனை சொன்னதில்லை. கேபிளிலும் ஒரு சூட்சுமம் உண்டு. 300 மெகாபிட் திட்டம் வாங்கியவர் ஒருவருக்கு எந்நேரமும் 94 மட்டுமே வந்தது. அந்த எண்ணைப் பார்த்தவுடனேயே காரணம் தெரிந்துவிட்டது: 100 மெகாபிட் போர்ட்டில், ஒவ்வொரு பொதியின் மேலுறைக்கும் போக மிஞ்சுவது ஏறக்குறைய அவ்வளவுதான். பழைய கேபிளின் எட்டுக் கம்பிகளில் நாலு மட்டுமே முனையில் பொருத்தப்பட்டிருந்தன. கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். முனையை வெட்டிப் புதிதாகக் கிரிம்ப் செய்ததும் முழு வேகம் வந்தது.

2020 மார்ச் மாத ஊரடங்கு, இறங்கும் வேகத்தையே பார்த்துப் பழகிய எங்கள் கண்களை ஏறும் வேகத்தின் பக்கம் திருப்பியது. இழை போய்ச் சேராத கிராமம் ஒன்றில், செம்புக் கம்பியில் பாடம் நடத்திய ஆசிரியை ஒருவரின் குரல் பிள்ளைகளுக்குத் துண்டு துண்டாகக் கேட்டது. இறங்கும் வேகம் 8 மெகாபிட், ஏறும் வேகம் அரை மெகாபிட். பேச்சுக்கு அதுவே தாராளமாகப் போதும். 1983-இல் மைக் மூஸ் எழுதிய, ஒரு சிறு பொதி போய்த் திரும்ப ஆகும் நேரத்தைக் காட்டும் பிங் என்னும் எளிய செயலியை ஓடவிட்டு, பாடம் நடக்கும்போது நான் பக்கத்தில் அமர்ந்து பார்த்தேன். 40 மில்லிவிநாடியில் வந்துகொண்டிருந்த விடை, திடீரென 1,800-க்குத் தாவியது. அதே கணத்தில் குரல் அறுந்தது. அவருடைய கைபேசி, எடுத்த படங்களைத் தானாகவே மேலே ஏற்றிக்கொண்டிருந்தது. மோடத்துக்குள் காத்திருப்புக்கென்று உள்ள இடத்தில் 1,28,000 பைட் படத்தரவு வரிசையில் நின்றால், அரை மெகாபிட் வழியில் அது கழிய 2 விநாடி ஆகும். பின்னால் வரும் குரல் அந்த 2 விநாடியும் காத்திருக்க வேண்டியதுதான். ஜிம் கெட்டிஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் 2010-ஐ ஒட்டி இந்தக் கோளாறைத் தம் வீட்டிலேயே கண்டு, பஃபர் ப்ளோட் என்ற பெயரில் உலகறியச் செய்திருந்தார். படமேற்றத்தை இரவுக்கு மாற்றி, ரௌட்டரில் ஏறும் வேகத்துக்கு ஒரு வரம்பு வைத்தேன். ஆசிரியையின் குரல் அதன்பின் அறுபடவில்லை. வேகச் சோதனை எண்ணோ முன்பிருந்ததைவிடச் சற்றுக் குறைவாகவே காட்டியது. பயன்பாடு சிறந்து எண் குறைந்த அந்த நிகழ்ச்சியை நான் இன்றும் இளைஞர்களுக்கு எடுத்துச் சொல்கிறேன்.

நெருக்கடி என்பது இணையத்தில் புதிதன்று. 1986-இல் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்துக்கும் அதிலிருந்து 400 கஜ தூரத்திலிருந்த கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கும் இடையே, 32 கிலோபிட்டாக இருந்த வேகம் வெறும் 40 பிட்டாக வீழ்ந்தது. கம்பி அறுபடவில்லை, எல்லோரும் ஒரே சமயத்தில் மறுபடி மறுபடி அனுப்பியதால் வழி அடைபட்டுப் போயிற்று. வான் ஜேக்கப்ஸன் அதன் காரணத்தை ஆராய்ந்து, வழியில் நெரிசல் தெரிந்தால் அனுப்புகிறவர் தாமே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் முறையை 1988-இல் விளக்கினார். இன்று நாம் இறக்கும் ஒவ்வொரு கோப்பும் அந்த ஒழுக்கத்தின் வழித்தோன்றல்களுக்குக் கட்டுப்பட்டே வருகிறது. நம் தெருவிலும் இதே கதைதான். ஜிபான் முறையில் ஓர் இழையின் 2,488 மெகாபிட் 32 வீடுகளுக்குப் பங்கிடப்பட்டால், எல்லாரும் ஒருசேர இறக்கும்போது தலைக்குச் சுமார் 78 மெகாபிட்தான் வரும். எல்லாரும் ஒரே கணத்தில் இறக்குவதில்லை என்ற நம்பிக்கையின்மேல் இந்தத் தொழில் நிற்கிறது. இரவு எட்டு மணிக்கு மேல் அந்த நம்பிக்கை தளர்கிறது.

இங்கேதான் என் மனத்தை நெடுநாளாக வருத்தும் ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். இரவில் வேகமில்லை என்று புகார் கொடுத்தவர் வீட்டுக்குக் காலை பத்து மணிக்கு ஆள் அனுப்பி, பெட்டியின் பக்கத்தில் நின்று, நிறுவனத்தின் சொந்தச் சர்வரோடு சோதனை ஓட்டி, வந்த அழகான எண்ணைப் படம் பிடித்து அனுப்பச் செய்து, “தங்கள் புகார் தீர்க்கப்பட்டது” என்று குறுஞ்செய்தி அனுப்பிவிடும் முறையை நான் கண்ணாரக் கண்டிருக்கிறேன். அப்படிச் செய்யும்படி எனக்கும் மேலிருந்து வாய்மொழியாகச் சொல்லப்பட்டதுண்டு. அந்த எண் பொய்யானதன்று. ஆனால் புகார் கொடுத்தவர் கேட்ட கேள்விக்கு அது விடையன்று. மெய்யான அளவைக் கொண்டு ஒருவர் வாயை அடைப்பது, பொய் சொல்வதைக் காட்டிலும் கொடியது என்று நான் நினைக்கிறேன். ஏனெனில் பொய்யை எதிர்த்து வாதாடலாம், தொழில்நுட்பம் அறியாத ஒரு வீட்டுக்காரர் மெய்யான எண்ணை எதிர்த்து என்ன சொல்லி வாதாடுவார்? நான் இரவு ஒன்பது மணிக்குப் போய் அளந்து, அந்த அளவையே எழுதிக் கொடுத்தேன். அதனால் சில மேலதிகாரிகளின் மனஸ்தாபம் வந்தது. ஆனால் ஒரு தெருவில் அவ்வாறு எழுதிச் சேர்த்த இரவு அளவுகளே, அந்தத் தெருவுக்குக் கூடுதல் இழை போடுவதற்குக் கடைசியில் ஆதாரமாயின.

இத்தொழிலுக்கு வரும் இளைஞர்களிடம் நான் வற்புறுத்துவது இதுதான். முதலில் வீட்டில் உள்ள மற்றச் சாதனங்களையெல்லாம் நிறுத்திவிட்டு, ஒரு நல்ல கணினியை லேன் கேபிளால் பெட்டியோடு நேராக இணைத்து அளந்து பாருங்கள்; அது நிறுவனத்தின் பங்கைச் சொல்லும். பிறகு வைஃபையில் பெட்டியருகே அளந்து பாருங்கள். பிறகு அந்த வீட்டார் வழக்கமாக உட்காரும் இடத்தில் அளந்து பாருங்கள். மூன்றுக்கும் உள்ள வித்தியாசமே கோளாறு எந்தப் பாதியில் இருக்கிறது என்பதைக் காட்டிவிடும். அருகிலுள்ள சர்வரோடு ஒன்று, தூரத்துச் சர்வரோடு ஒன்று. சும்மா இருக்கும்போது பிங் எவ்வளவு, படம் ஏறும்போது எவ்வளவு. விடியற்காலையில் எவ்வளவு, இரவில் எவ்வளவு. சோதனை காட்டுவது மெகாபிட், கோப்பு இறங்கும் சன்னல் காட்டுவது மெகாபைட், ஆகவே எட்டால் வகுத்துப் பார்க்க வேண்டும் என்பதை ஒவ்வொரு வீட்டிலும் பொறுமையாகச் சொல்லுங்கள். நூறு வாங்கிப் பன்னிரண்டுதான் வருகிறது என்று ஏமாந்து நிற்பவர்களில் பலர் உண்மையில் ஏமாற்றப்படவில்லை.

வீட்டுக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வேக எண்ணைப் படம் பிடித்துப் புகாரோடு அனுப்பும்போது, அதன் கீழே நான்கு விவரங்களை எழுதுங்கள்: வீட்டில் எந்த இடத்திலிருந்து, எந்தச் சர்வர் வரை, எந்த மணிக்கு, கேபிளிலா வைஃபையிலா. இந்த நான்கும் இருந்தால் எந்த நிறுவனமும் காலை பத்து மணிச் சோதனையைக் காட்டி அந்தப் புகாரை மூட முடியாது. பழுதுபார்க்க வருகிறவரும் வெறுங்கையோடு வந்து பெட்டியை அணைத்து எரியவிட்டுப் போய்விட முடியாது. அப்படி எழுதப்பட்ட ஒரு புகார் என் கைக்கு வந்தபோதெல்லாம், பாதி வேலையை அந்த வீட்டாரே செய்து வைத்திருந்தார்கள். மீதிப் பாதியை நான் விரைவில் முடித்துவிட்டேன்.